பூவரசம் பெட்டியும் பதினேழு ஈரமும்

கொள்முதல் நிலையத்து மேசையில் நான் பெட்டியை வைத்ததும் பட்டியல் எழுத்தர் எழுந்து நின்றுவிட்டார். செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று அவர் யோசிப்பது தெரிந்தது.

“சாமிப் பெட்டிங்களா சார்?”

“இல்லைங்க. ரெசிஸ்டர் பெட்டி.”

அவர் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகும் முகத்தில் இருந்த மரியாதை முழுதாக இறங்கவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. பெட்டி அப்படி. பூவரசம் பலகையில் செய்து, அரக்கு பாலிஷ் போட்டு, பித்தளைக் கீல் வைத்தது. மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு திருகு, கம்பி மாட்ட இரண்டு முனைகள், அவ்வளவுதான். திறக்காதவரை உள்ளே சாளக்கிராமம் இருப்பதாக நினைத்துக்கொள்ளத் தடையில்லை.

குடவாசலுக்குப் பக்கத்தில், சம்பா அறுவடை மும்முரமாக இருந்த ஒரு தை மாதக் காலை அது. எனக்குப் பின்னால் என் தங்கை சுமதி நின்றாள். சுமதிக்குப் பின்னால் அவளுடைய நெல் அம்பாரம். அதற்கும் பின்னால் ஊரே நின்றது. அந்தப் பெட்டியை வைத்து, நிலையத்தின் ஈரப்பத மீட்டர் தப்பாகக் காட்டுகிறது என்று நிரூபிக்க நான் வந்திருந்தேன்.

அந்த மீட்டரை அப்புறம் மாற்றிவிட்டார்கள். அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

நிரூபித்தேனா இல்லையா என்பதற்கு முன்னால் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். போன வாரம் இங்கே நான் எழுதிய, மாடியிலிருந்து ஏரியல் கம்பம் விழுந்த கதையைப் படித்துவிட்டு, “நடுவில் மரப்பெட்டி, மரப்பெட்டி என்கிறீர்களே, அது என்ன?” என்று வாசகர்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள். கம்பம் என் மேல் விழுந்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை.

யாருக்கும் கேட்காத பெட்டி

நான் தொலைபேசி இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தஞ்சாவூரில் வீடு. முறையாக லைசென்ஸ் எடுத்து மாடி அறையில் ஹாம் ரேடியோ வைத்திருக்கிறேன். ஹாம் ரேடியோ என்றால், முன்பின் தெரியாத ஒருவரிடம் “நீங்கள் பேசுவது எனக்கு நன்றாகக் கேட்கிறது” என்று சொல்வது. அவரும் அதையே நம்மிடம் சொல்வார். அதற்கு மேல் பெரும்பாலும் பேச்சு போவதில்லை.

உண்மையில் எனக்குப் பேசுவதில் அவ்வளவு ஆர்வம் இல்லை. பேசுகிற கருவி ஒழுங்காக இருக்கிறதா என்று சோதிக்கிற சின்னச் சின்னச் சாமான்களைச் செய்வதில்தான் ஆர்வம். கருவி ஒழுங்காக இருப்பது தெரிந்துவிட்டால் அணைத்துவிட்டுக் கீழே இறங்கிவிடுவேன்.

முதலில் செய்தது டம்மி லோடு. டிரான்ஸ்மிட்டரைச் சோதிக்கும்போது அதை ஏரியலோடு இணைத்தால், நம் சோதனை எல்லாம் ஊர் உலகத்துக்குக் கேட்டுத் தொல்லையாகும். அதற்காக ஏரியலுக்குப் பதில், மின்சாரத்தைத் தடுக்கிற ஒரு பெரிய ரெசிஸ்டரோடு இணைத்துவிடுவது. எவ்வளவு கத்தினாலும் அது அந்த ரெசிஸ்டரில் சூடாகி அடங்கிவிடும். ஆகாயத்துக்குப் போகாது.

இதை என் மனைவி மலர்க்கொடிக்கு விளக்கினேன்.

“அதாவது யாருக்கும் கேக்காம பேசறதுக்கு ஒரு பெட்டி.”

“ஆமா.”

“அதுக்கு எதுக்குங்க பெட்டி? இந்த வீட்டுல நான் இத்தனை வருஷமா அப்படித்தானே பேசிக்கிட்டிருக்கேன்.”

டம்மி லோடுக்கு நான் படித்த விளக்கங்களிலேயே இதுதான் சுருக்கமானது.

அதற்குப் பிறகு ரெசிஸ்டர் பெட்டி. எந்த அளவு ரெசிஸ்டர் போட்டால் சரிவரும் என்று தெரியாதபோது, ஒவ்வொன்றாகப் பற்றவைத்து எடுத்துக்கொண்டிருக்காமல், திருகைத் திருப்பிப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். அப்புறம் அதே மாதிரி கண்டன்சருக்கு ஒன்று. இதையெல்லாம் சாதாரணமாக எல்லோரும் பிஸ்கட் டின்னில்தான் செய்வார்கள். நானும் டின்னில்தான் ஆரம்பித்தேன். ஜமால் பாயைச் சந்திக்காமல் இருந்திருந்தால் டின்னிலேயே நிம்மதியாக இருந்திருப்பேன்.

கதவு செய்ய மாட்டேன் என்றவர்

ஜமால் பாய் கூத்தாநல்லூர்க்காரர். வளைகுடாவில் ஒரு மரப்பட்டறையில் நெடுங்காலம் வேலை பார்த்தவர். அங்கே அவர் செய்ததெல்லாம் கதவு. ஆபீஸ் கதவு. ஒரே அளவு, ஒரே நிறம். ஊர் திரும்பும்போது, இனிமேல் கையால் கதவைத் தொடுவதில்லை என்ற முடிவோடு வந்தார். மூடி வைத்த சாமான் எதுவானாலும் செய்வார். கதவு வேண்டும் என்று யாராவது வந்தால் பக்கத்துப் பட்டறையைக் கைகாட்டிவிடுவார். அவர் வீட்டுக் கதவே கடையில் வாங்கியதுதான்.

எங்கள் இருவரின் வேலை முறை மற்றவர்களுடையதற்குத் தலைகீழ். மற்றவர்கள் சாமானைச் செய்துவிட்டு அதற்குப் பெட்டி தேடுவார்கள். எங்களுக்குப் பெட்டி முதலில் வரும். நீளம், அகலம் மட்டும் நான் சொல்வேன். அவர் ஒன்றே ஒன்று கேட்பார்: “எந்தக் கையால சார் திறப்பீங்க?” அதற்குப் பிறகு என்னைக் கேட்க மாட்டார். உயரம் அவர் இஷ்டம். ஒருமுறை பெட்டி ரொம்பத் தட்டையாக வந்துவிட்டது. நிற்க வேண்டிய ரெசிஸ்டர்களை எல்லாம் படுக்க வைத்துப் பற்றவைத்தேன். இதுவரை எந்த ரெசிஸ்டரும் புகார் சொல்லவில்லை.

பெட்டி அழகாக இருப்பதில் தொல்லைகள் உண்டு. மலர்க்கொடியின் அண்ணன் மகனுக்கு நிச்சயதார்த்தம் நடந்தபோது, தட்டுத் தூக்குகிற அவசரத்தில் யாரோ என் கண்டன்சர் பெட்டியையும் சீர்த்தட்டில் வைத்துக் கொண்டுபோய்விட்டார்கள். பெண் வீட்டார் பிரித்துப் பார்த்து, மரியாதைக்காக ஒன்றும் கேட்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகுதான் அந்தப் பெண், “மாமா, அந்தத் திருகுப் பெட்டிய எப்படி யூஸ் பண்றதுன்னு சொல்லவே இல்லையே” என்றாள். திருப்பிக் கேட்க எனக்கு மனசு வரவில்லை. இப்போது அதில் வளையல் வைத்திருக்கிறாள். திருகுகள் அப்படியே இருக்கின்றன.

டம்மி லோடு சூடாகும் என்பதால் காற்றுப் போக ஓட்டை வேண்டும் என்று ஆரம்பத்திலேயே சொன்னேன். பெட்டியில் ஓட்டை போடுவதாவது என்று ஜமால் பாய் மறுத்துவிட்டார். பயன்படுத்திய முதல் வாரத்திலேயே மூடியின் மேல் பாலிஷ் கொப்புளித்துவிட்டது. தகவல் சொன்னதும் பஸ் ஏறி வந்து பார்த்தார். துக்கம் விசாரிக்க வந்தவர் போலத் தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“எவ்வளவு நேரம் சார் பேசினீங்க?”

“யாரோடவும் பேசலை பாய்.”

“யாரோடவும் பேசாமயா இப்படிக் கொதிச்சிருக்கு?”

அதற்குப் பிறகு, யார் கண்ணுக்கும் படாத அடிப்பக்கத்தில் ஓட்டை போடச் சம்மதித்தார்.

ஆனால் ஒரு விஷயத்தில் அவர் கடைசிவரை அசையவில்லை. பெட்டிக்கு வெளியே எத்தனை கை வேண்டுமானாலும் பாலிஷ் போடுவார். உள்ளே மட்டும் வெறும் மரம்தான். “உள்ளயும் பாலிஷ் போட்டா மரம் மூச்சு விடாது சார்” என்பார். இலாகாவில் சுற்றறிக்கை இல்லாமல் எதையும் நம்பாதவன் நான். இதை அப்படியே நம்பினேன். மரம் மூச்சு விட்டால் என்ன ஆகும் என்று கேட்கத் தோன்றவில்லை.

சுமதியின் சந்தேகம்

எங்கள் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நட்டு, அடுத்தவர் வயலில் அறுத்தவர்கள். சுமதி சொந்தமாகக் கொஞ்சம், குத்தகைக்குக் கொஞ்சம் என்று தானே பயிர் வைக்கிறாள். நான் படித்து வேலைக்குப் போனதைத்தான் சொந்தக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அவள் வயல்தான் பெருமை. இதை அவளிடம் சொன்னதில்லை. அவளுக்குப் பத்திரிகை படிக்கிற வழக்கம் இல்லை என்பதால் இங்கே சொல்கிறேன்.

அதற்கு முந்தைய வருஷம் அவள் நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் எடுக்கவில்லை. ஈரப்பதம் பதினேழு சதவீதத்துக்குள் இருந்தால்தான் எடுப்பார்கள். மீட்டர் அதற்கு மேல் காட்டியது. காயவைத்து மறுபடி காட்டலாம் என்று காத்திருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாய்க்கு அடியில் அம்பாரம் முழுவதும் பச்சையாக முளைத்துவிட்டது. சுமதி அதை அள்ளி மாட்டுக்குப் போட்டாள். “இந்த வருஷமும் இப்படி ஆச்சுன்னா நெலத்த விட்டுட்டுத் திருப்பூரு கம்பெனிக்குப் போயிருவோம்” என்றார் அவள் வீட்டுக்காரர் ராஜேந்திரன். கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் பதில் சொல்லியிருப்பாள். அவர் அமைதியாகச் சொன்னதால் பயந்துவிட்டாள்.

அப்போதே அவளுக்கு மீட்டர் மேல் சந்தேகம். “நெல்லக் கடிச்சுப் பாத்தேண்ணே, டக்குன்னு ஒடையுது. மீட்டருதான் பொய் சொல்லுது. நீ என்னென்னமோ சோதிக்கிற பொட்டியெல்லாம் வச்சிருக்கியே, இதுக்கு ஒண்ணு இல்லியா?”

இருந்தது. அதாவது, செய்யலாம். அந்த மீட்டர் செய்வது ரொம்பச் சாதாரண வேலை. ஒரு கிண்ணத்தில் நெல்லைப் போட்டு நசுக்கி, அதன் வழியே துளி மின்சாரம் அனுப்பும். ஈரம் கூடுதலாக இருந்தால் மின்சாரம் சுலபமாகப் போகும். மீட்டர் பெரிய எண்ணைக் காட்டும். நெல்லுக்குப் பதில், அதே அளவு தடுக்கிற ரெசிஸ்டரை மாட்டினால் மீட்டருக்கு வித்தியாசம் தெரியாது. நெல் என்றே நினைத்துக்கொள்ளும்.

ஜமால் பாய் பூவரசில் பெட்டி செய்து கொடுத்தார். எனக்குத் தெரிந்த ஒரு ஆய்வுக்கூடத்தில், ஒழுங்காகப் பராமரிக்கிற மீட்டர் ஒன்றில் மாட்டி, திருகில் மூன்று இடங்களைக் குறித்தேன். பதினான்கு, பதினேழு, இருபது. திருகைப் பதினேழில் வைத்தால் நல்ல மீட்டர் பதினேழு காட்ட வேண்டும். கூடுதலாகக் காட்டினால் மீட்டர் விவசாயிக்கு விரோதி. இந்த வேலையை எல்லாம் நான் சித்திரை வெயிலில் செய்தேன் என்பதை வாசகர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். நான் வைத்துக்கொள்ளவில்லை.

தை பிறந்ததும் சுமதி போன் செய்தாள்.

“பத்தொன்பதுங்குறாங்கண்ணே. நாளன்னைக்கு மழைன்னு டிவியில சொல்றான். பொட்டிய எடுத்துக்கிட்டு வா.”

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். கும்பகோணத்தில் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். இடம் எனக்கா பெட்டிக்கா என்று கேட்டுக்கொள்ளவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்து, நிலையத்தைப் பூட்டியிருந்தார்கள். ராஜேந்திரன் அம்பாரத்துக்குக் காவலாக அங்கேயே தங்குவதாக இருந்தார்.

“வீட்டுல புள்ளைங்க நோண்டும். பொட்டிய என்கிட்ட குடு, நான் பத்திரமா வச்சுத் தரேன்” என்றாள் சுமதி.

கொடுத்துவிட்டு அவள் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன்.

இருபது

மறுநாள் காலை அவள் பெட்டியைத் துண்டில் சுற்றி என் கையில் கொடுத்தாள். நேராக எழுத்தரின் மேசைக்குப் போனோம். எழுந்து நின்று, சாமிப் பெட்டியா என்று கேட்டு, அவர் உட்கார்ந்த கதையை முன்பே சொல்லிவிட்டேன்.

எழுத்தர் சின்ன வயதுக்காரர். மன்னார்குடிப் பக்கம். விவசாயிகளிடமும் மூட்டை தூக்குகிறவர்களிடமும் மேலதிகாரிகளிடமும் மாறி மாறித் திட்டு வாங்குகிற வேலை அவருடையது. நான் விஷயத்தைச் சொன்னதும் மீட்டரை என் பக்கம் தள்ளினார்.

“பாத்துக்குங்க சார். இது சரியா இருக்கான்னு எனக்கும் தெரியாது. குடுத்தாங்க, வச்சிருக்கேன்.”

மீட்டரின் கிண்ணத்தைக் கழற்றிவிட்டு என் கம்பிகளை மாட்டினேன். திருகைப் பதினேழில் வைத்தேன். மீட்டர் இருபது காட்டியது.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

“மூணு கூட காட்டுது” என்றார் ராஜேந்திரன். மச்சான் பொது இடத்தில் வாய் திறந்து அன்றுதான் பார்த்தேன். சுமதியின் நெல்லுக்குப் பத்தொன்பது என்றால், மூன்றைக் கழித்தால் பதினாறு. தாராளமாக எடுக்கலாம். கணக்கு அங்கிருந்த எல்லோருக்கும் என்னைவிட வேகமாக வந்தது. “அப்ப போன வாரம் என் நெல்லத் திருப்பி அனுப்புனீங்களே, அது?” என்று ஒருவர் மேசையைத் தட்டினார். இன்னொருவர் செல்போனை உயர்த்திப் படம் எடுக்க ஆரம்பித்தார். எழுத்தருக்கு முகம் வெளிறிவிட்டது. சுமதி என் முதுகைத் தட்டி, “எங்க அண்ணன்” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாள்.

இலாகாவில் ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டார்கள். அப்போதுகூட நான் அவ்வளவு நிமிர்ந்து நின்றதில்லை. ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தோடு பெட்டியை மூடப் போனேன்.

மூடியின் மேல் பாலிஷ் வெள்ளையாகப் பூத்திருந்தது. திறக்கிற அவசரத்தில் அதை நான் கவனிக்கவில்லை.

அரக்கு பாலிஷில் ஈரம் ஏறினால் அப்படித்தான் வெளுக்கும். சூடான டம்ளர் வைத்த மேசையில் பார்த்திருப்பீர்கள். கீலின் இடுக்கிலிருந்து ஒரு நெல் மேசையில் விழுந்தது. உள்ளே முகர்ந்து பார்த்தேன். களத்து வாசனை அடித்தது.

“சுமதி, ராத்திரி பெட்டி எங்க இருந்துச்சு?”

“நெல்லுக்குள்ளதாண்ணே. நடுவுல ஆழமா பொதச்சு வச்சேன். மேல தார்ப்பாயி. யாரு எடுக்க முடியும்?”

அவளைக் கோபித்துக்கொள்ள வழியில்லை. எங்கள் வீட்டில் விலை உள்ளது எதுவானாலும் நெல்லுக்குள்தான் போகும். அம்மாவின் தோடு, என் பத்தாம் வகுப்புச் சான்றிதழ், பழுக்க வேண்டிய மாங்காய், எல்லாம் குதிருக்குள்தான் இருந்தன. எதற்கும் எந்தக் கெடுதலும் வந்ததில்லை. ஆனால் அது காய்ந்த நெல். இது மெஷினில் அறுத்து அப்படியே கொட்டி, பனிக்குத் தார்ப்பாய் மூடி, உள்ளே வேர்த்துப் புழுங்கிக்கொண்டிருந்த நெல். அதற்குள்ளே ராத்திரி முழுவதும் ஜமால் பாயின் மரம் நன்றாக மூச்சு விட்டிருக்கிறது.

ஈரமான பலகை வழியாகவும் கொஞ்சம் மின்சாரம் போகும். ரேடியோவில் நான் செய்கிற சில்லறைச் சோதனைகளுக்கு அந்தக் கொஞ்சம் ஒரு பொருட்டே இல்லை. நெல் மீட்டருக்கு அது நிறைய. மீட்டர் என் ரெசிஸ்டரை மட்டும் அளக்கவில்லை. பெட்டியையும் சேர்த்து அளந்து, சாமான் ஈரமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறது. அது சரிதான்.

செல்போன்காரர் இன்னும் எழுத்தரின் முகத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் அது ஊர் ஊராகப் போய்விடும், அந்தப் பையனுக்கு வேலையும் போய்விடும். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

“கொஞ்சம் இருங்க” என்றேன். “பெட்டி நனைஞ்சு போச்சு. அது சொன்னத எடுத்துக்காதீங்க. போன அணைங்க தம்பி.”

“நெல்லுதான் ஈரம்னா, சோதிக்க வந்த பொட்டியுமா ஈரம்?” என்று யாரோ கேட்டார்கள். சிரிப்பு அம்பாரத்தைச் சுற்றிக்கொண்டு கடைசி ஆள்வரை போனது. எழுத்தர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். சுமதி என்னோடு பேசவில்லை.

அண்ணன் வெள்ளாமை

நல்லவேளையாக வெயில் சுள்ளென்று ஏறியது. அம்பாரத்தைப் பிரித்துத் தார்ச்சாலையில் ஒரு ஓரமாகப் பரப்பினோம். அந்தப் பக்கம் கார்கள் போக, இந்தப் பக்கம் நெல் காய, சாலை இரண்டு வேலை பார்த்தது. சுமதி நெல்லுக்குள் காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்து கிளறிவிட்டாள். அடி நெல் மேலே வர வேண்டும். பாதத்தில் சுணை குத்திச் சிவந்திருந்தது. அவள் நிற்கவில்லை.

நெல் முடிகிற இடத்தில் துண்டை விரித்துப் பெட்டியைத் திறந்து வைத்தேன். ஒவ்வொரு சுற்றுக்கும் அவள் அங்கே வந்ததும், குனிந்து பெட்டியையும் வேறு பக்கம் புரட்டிப்போட்டாள். என்னைக் கேட்டுச் செய்யவில்லை. அவளைப் பொறுத்தவரை காய வேண்டிய சாமான் எல்லாம் ஒன்றுதான்.

மொபெட்டில் வந்த ஒருவர் காலை ஊன்றி நின்றார்.

“என்னம்மா அது, ஆர்மோனியமா?”

“எங்க அண்ணன் வெள்ளாமைங்க” என்றாள் சுமதி. அன்று காலைக்குப் பிறகு அவள் வாயிலிருந்து என்னைப் பற்றி வந்த முதல் பேச்சு அதுதான். எனக்கு நிம்மதியாக இருந்தது.

மத்தியானத்துக்கு மேல் கிழக்கே மேகம் திரண்டது. ராஜேந்திரன் மேகத்தைப் பார்த்தார், நெல்லைப் பார்த்தார், சுமதியைப் பார்த்தார். திருப்பூர் பஸ்ஸையே அவர் பார்ப்பது போலச் சுமதி வேகவேகமாகக் கிளறினாள். பெட்டியின் வெள்ளை மறைந்து பழைய நிறம் வந்துவிட்டது. கைவிட்டுப் பார்த்தேன், உள்பக்கம் சுட்டது.

எழுத்தர் வந்து நாலைந்து இடத்தில் நெல் எடுத்துக் கிண்ணத்தில் போட்டு அளந்தார். பதினாறு புள்ளி எட்டு.

“போடலாம்க்கா” என்றார்.

சுமதி அப்படியே சாக்குக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் வேறு பக்கம் பார்த்தேன். ராஜேந்திரன் மூட்டை பிடிக்கப் போய்விட்டார். அத்தோடு பெட்டியை எடுத்துக்கொண்டு நான் பஸ் ஏறியிருக்க வேண்டும்.

“சார்” என்றார் எழுத்தர். “உங்க பெட்டி காஞ்சிருச்சில்ல? காலையில இத்தனை பேரு ஒரு மாதிரி பாத்துட்டாங்க. இப்ப ஒருதடவை மாட்டிக் காட்டுங்க. என் மீட்டரு சரின்னு எல்லாரும் பாத்துட்டுப் போவட்டும்.”

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அவர் பேருக்கு வந்த கெடுதலை நான்தான் துடைக்க வேண்டும். மேசையில் வைத்துக் கம்பியை மாட்டினேன். எல்லோரும் மறுபடி கூடினார்கள். திருகைப் பதினேழில் வைத்தேன்.

பதினாறு.

கம்பியை இறுக்கிவிட்டு மறுபடி பார்த்தேன். பதினாறு. திருகை இருபதுக்குத் திருப்பினேன், பத்தொன்பது. பதினான்குக்குத் திருப்பினேன், பதின்மூன்று. எங்கே வைத்தாலும் ஒழுங்காக ஒன்று குறைவாக வந்தது. பெட்டி இப்போது சுத்தமாகக் காய்ந்துவிட்டது. மீட்டர்தான் தப்பு. அது விவசாயிக்குச் சாதகமாகத் தப்பு.

அதாவது சுமதியின் நெல் உண்மையில் பதினேழு புள்ளி எட்டு. எடுக்க முடியாத நெல். அவள் மட்டுமில்லை, அந்த அறுவடையில் அங்கே போட்ட ஒவ்வொருவரும் ஒரு எண் தள்ளுபடியில் போட்டிருக்கிறார்கள். அந்த மீட்டரைத்தான் அவர்கள் வாரக்கணக்காகத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

“என்ன சார், இப்பப் பதினாறு காட்டுது?” எழுத்தர் குனிந்து பார்த்தார். “அப்ப என் மீட்டரு கம்மியாக் காட்டுதா?”

மூட்டைக்குக் கொக்கி போட்டவர் கையை எடுக்காமல் அப்படியே நின்றார். எக்ஸ்சேஞ்சில் இருந்த காலம் முழுவதும், பழுது எங்கே இருக்கிறதோ அங்கேதான் இருக்கிறது என்று சொல்லிப் பழகிய வாய் என்னுடையது. அது தானாகத் திறந்தது.

சுமதி எழுந்து வந்தாள். மீட்டரைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தாள். சின்ன வயதிலிருந்து பார்க்கிற முகம், அதில் அவளுக்கு வேண்டியது எல்லாம் எழுதியிருந்திருக்க வேண்டும். கையை நீட்டிப் பெட்டியை மூடினாள்.

“பொட்டி இன்னும் ஈரமாத்தான் இருக்குங்க சார்.”

ஈரமான பெட்டி கூட்டித்தான் காட்டும். குறைத்துக் காட்டவே காட்டாது. அந்த இடத்தில் அது எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.

எழுத்தர் என் பக்கம் திரும்பினார். “அப்படிங்களா சார்?”

கிழக்கே நன்றாகக் கறுத்துவிட்டது. மண் வாசனைகூட வந்துவிட்டது. சுமதி என்னைப் பார்க்காமல், மூடிய பெட்டியின் மேல் கையை வைத்தபடி நின்றாள்.

“ஆமாங்க” என்றேன். “நல்லா ஊறிப் போயிருக்கு.”

மூட்டைக்காரர் கொக்கியை இழுத்தார். கூட்டம் கலைந்து, ஆளுக்கொரு சாக்கைப் பிடித்தார்கள். எழுத்தருக்கு நிம்மதி. பெட்டியைப் பரிதாபமாகத் தடவிக்கொடுத்தார்.

“பாவம், நல்ல பெட்டி. நல்லாக் காய வச்சு இன்னொரு நாளைக்குக் கொண்டாங்க சார். ரெண்டு பேருமா உக்காந்து சரியாப் பாத்துருவோம்.”

“கண்டிப்பாக் கொண்டாருவாருங்க” என்றாள் சுமதி, மூட்டைக்கு ஒரு கை கொடுத்தபடியே. “அறுப்பு முடியட்டும்.”